முப்பது பவுண் கடன்: ஜோன் வெஸ்லி காசைப் பற்றிக் கற்றுக்கொண்டது

1705 ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தின் லிங்கன் நகரக் கோட்டைச் சிறையில் ஒரு குருவானவர் அடைக்கப்பட்டார். கொலையுமில்லை, களவுமில்லை. கடன். தொகை முப்பது பவுணுக்கும் குறைவு. அந்த வருடத் தேர்தலில் அவர் ஒரு தரப்புக்கு வாக்களித்திருந்தார். கடன் கொடுத்தவர் மற்றத் தரப்பு வேட்பாளருக்கு வேண்டியவர். தேர்தல் முடிந்த கையோடு முழுத் தொகையையும் உடனே கட்டச் சொன்னார்கள். குருவானவரிடம் காசு இல்லை. ஆலய வளவுக்குள் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் பெயர் சாமுவேல் வெஸ்லி. எப்வேர்த் என்ற சதுப்பு நிலக் கிராமத்தின் பங்குக் குருவானவர். வீட்டில் மனைவி சுசன்னாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதில் ஒரு மகனுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பன் சிறையில் இருந்த நாட்களில் வீட்டுப் பசுக்களை இரவில் யாரோ குத்திக் காயப்படுத்தினார்கள். பால் நின்றுபோனது. சுசன்னா தன்னிடமிருந்த மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார், விற்றுக் கடனைக் கட்டட்டும் என்று. சாமுவேல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏறக்குறைய மூன்று மாதங்கள் கழித்து, யோர்க் பேராயரும் வேறு சில நண்பர்களும் உதவிய பிறகே அவர் வெளியே வந்தார்.

அந்தப் பேராயர் சுசன்னாவிடம் ஒரு கேள்வி கேட்டதாகப் பதிவு இருக்கிறது. வீட்டில் எப்போதாவது உண்மையிலேயே பாண் இல்லாமல் இருந்ததா என்பது கேள்வி. சுசன்னாவின் பதிலின் சாரம் இதுதான்: பாண் இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் அதைத் தேடுவதற்கு முன்னரும், தேடிய பின் அதற்கான காசைக் கட்டும்வரையும் பட்ட கவலையில் அந்தப் பாண் இனிக்கவில்லை, அப்படிப் பாண் வைத்திருப்பது பாணே இல்லாமலிருப்பதற்கு அடுத்த படியிலுள்ள துன்பம்.

முந்நூறு வருடங்களுக்கு முந்திய இந்தப் பதிலை முதலில் வாசித்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நுண்கடன் பற்றி எழுதுவதற்காக வன்னியில் வீடு வீடாகப் போன காலங்களில், இதே பொருள்பட எத்தனையோ பெண்கள் பேசக் கேட்டிருக்கிறேன். சோறு இருக்கும். அடுப்பும் எரியும். ஆனால் புதன்கிழமை காலை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சோறு தொண்டைக்குள் இறங்காது. வறுமைக் கணக்கெடுப்பில் இப்படியான வீடுகள் பட்டினி வீடுகளாகப் பதியப்படுவதில்லை. பட்டினிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடத்துக்கு நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர் கூட இல்லை.

எப்வேர்த்தின் அந்த இரண்டு வயதுப் பிள்ளைதான் ஜோன் வெஸ்லி. மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை. அவர் இலங்கைக்கு வந்ததில்லை. ஆனால் அவரோடு கூட இருந்து உழைத்த தோமஸ் கோக், வசதியான குடும்பத்தில் பிறந்தவர், இலங்கை மிஷனுக்குத் தன் சொந்தக் காசில் ஆறாயிரம் பவுண் வரை தருவதாகச் சொல்லிக் கப்பலேறினார். 1814 மே 3 ஆம் திகதி இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்தார். அவரோடு வந்த இளைஞர்கள் அந்த வருடம் ஜூன் கடைசியில் காலியில் இறங்கினார்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி, ஹாட்லி என்று இன்று நாங்கள் சொல்லும் பெயர்களெல்லாம் அந்தப் பயணத்திலிருந்து கிளைத்தவை. சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படித்து வெளியேறிய பாடசாலைகள். ஆகவே வெஸ்லி என்ற பெயர் எங்களுக்குப் பழக்கம். அவர் காசைப் பற்றி என்ன நினைத்தார், காசோடு எப்படி வாழ்ந்தார் என்பது அவ்வளவு பழக்கமில்லை.

அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1709 பெப்ரவரியில், வீடு எரிந்தது. எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். மேல்மாடியில் பிள்ளை ஒன்று தவறிப்போனதைப் பிறகுதான் கண்டார்கள். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நின்று, யன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்தெடுத்தார்கள். கூரை அதன் பின் உள்ளே விழுந்தது. இந்தச் சம்பவத்தை மெதடிஸ்தர்கள் படம் வரைந்து பரப்பினார்கள்; கடவுள் இவரை ஒரு நோக்கத்துக்காகக் காப்பாற்றினார் என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எரிந்த வீட்டின் மிச்சம். புத்தகங்கள், உடுப்புகள், தளபாடங்கள் எல்லாம் போயின. பிள்ளைகள் தெரிந்தவர்கள் வீடுகளில் பிரித்து விடப்பட்டார்கள். திரும்ப வீடு கட்டியதால் கடன் இன்னும் ஏறியது. வீட்டை இழந்தவர்களுக்கு அந்த இழப்பின் செலவு அடுத்த பத்து வருடத்துக்கு நீளும் என்று நான் இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆண் பிள்ளைகள் மூவரும் ஒக்ஸ்போர்ட் போனார்கள். பெண் பிள்ளைகள் போகவில்லை. மூத்த மகள் எமிலியா, உடுக்க நல்ல உடுப்புக் கூட இல்லாமல் அந்த வீட்டில் கழிந்த வருடங்களைக் கசப்போடு எழுதியிருக்கிறார். பிறகு வெளியூரில் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தி உழைத்தவர் அவர். வெஸ்லியின் வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் கடனை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டால், அநேகமாக அது வீட்டுப் பெண்ணின் முதுகில்தான் இருக்கும். அந்தக் கணக்கை வெஸ்லி எந்தப் பிரசங்கத்திலும் முழுமையாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

1735 ஏப்ரலில் சாமுவேல் வெஸ்லி கடனோடே இறந்தார். அவர் தோட்டக் காணிக்குக் கட்டவேண்டிய குத்தகை பதினைந்து பவுண் நிலுவையில் இருந்தது. காணிக்காரி, அடக்கம் நடந்த அன்றைக்கே, நாற்பது பவுணுக்கு மேல் பெறுமதியான மாடு கன்றுகளைப் பறிமுதல் செய்தார். இளைய மகன் சார்ள்ஸ் இதைத் தமையனுக்குக் கடிதத்தில் எழுதினார். ஜோன் வெஸ்லி தன் பெயரில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் அந்த ஆடுமாடுகளை மீட்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. ஆகவே இந்த மனிதர் பணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கியபோது, கடன் என்பது அவருக்கு வேதாகமத்தில் வரும் ஒரு சொல் மட்டுமல்ல.

ஒக்ஸ்போர்ட்டில் அவர் லிங்கன் கல்லூரியின் ஃபெலோவாக இருந்தார். சிறிய ஆனால் நிச்சயமான வருமானம். முடிவெட்டும் காசை மிச்சம் பிடிக்கத் தலைமுடியை நீளமாக வளர்த்தார். குதிரை வண்டிக் காசை மிச்சம் பிடிக்க நடந்தே ஊருக்குப் போனார். நண்பர்களோடு சேர்ந்து ஒக்ஸ்போர்ட் சிறைகளுக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் கடனுக்காக அடைபட்டவர்களும் இருந்தார்கள். அவருடைய தகப்பனைப் போல.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை அவர் வயதான பிறகு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். கடும் குளிர் நாளில் ஒரு இளம்பெண் அவருடைய அறைக்கு வந்தாள். அவர்கள் செலவில் நடந்த பிள்ளைகள் பள்ளியோடு தொடர்புடையவள். மெல்லிய சணல் உடுப்பு ஒன்றைத் தவிர அவளிடம் குளிருக்கு எதுவுமில்லை. வெஸ்லி சட்டைப் பைக்குள் கைவிட்டார். கொடுக்கப் போதுமான காசு இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது அறைச் சுவரில் அவர் வாங்கி மாட்டியிருந்த படங்கள் தொங்கின. அந்தப் படங்களின் விலை அந்தப் பெண்ணின் இரத்தம் என்று அவருக்குப் பட்டது.

இதன் பிறகுதான் அந்தப் பிரபலமான இருபத்தெட்டுப் பவுண் கணக்கு வருகிறது. ஒக்ஸ்போர்ட் இளைஞன் ஒருவன் முப்பது பவுண் உழைத்த வருடம் இருபத்தெட்டில் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தான். அடுத்த வருடம் அறுபது கிடைத்தது. அப்போதும் இருபத்தெட்டில் வாழ்ந்து முப்பத்திரண்டைக் கொடுத்தான். மூன்றாம் வருடம் தொண்ணூறு, கொடுத்தது அறுபத்திரண்டு. நான்காம் வருடம் நூற்றிருபது, கொடுத்தது தொண்ணூற்றிரண்டு. வெஸ்லி இந்தக் கதையைச் சொல்லும்போது பெயர் சொல்லவில்லை. அது அவரேதான் என்று அநேகமாக எல்லா ஆய்வாளர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். வருமானம் ஏறும்போது செலவும் ஏறவேண்டும் என்பதை நாங்கள் இயற்கை விதிபோல எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளில் மதில் எப்படி வருடத்துக்கு வருடம் உயர்கிறது என்று பாருங்கள். வெஸ்லி அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை.

1739 இல் பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே, ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்காத நிலக்கரித் தொழிலாளர்களுக்கு அவர் திறந்த வெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். அதன் பிறகு ஐம்பது வருடங்கள் குதிரையிலும் வண்டியிலும் நாடு முழுக்க அலைந்தார். அந்தப் பிரசங்கப் பயணங்களைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பிரிஸ்டலில் கட்டிய ஒரு கட்டடத்தின் கடனுக்கு வருகிறேன்.

புதிய அறை என்று பெயர் வைத்த அந்தக் கட்டடத்துக்குக் கடன் இருந்தது. 1742 பெப்ரவரி 15 ஆம் திகதி சங்கத்தின் முக்கியமானவர்கள் கூடி, இதை எப்படி அடைப்பது என்று பேசினார்கள். போய் என்ற பெயருடைய ஒரு கப்பல் தலைவர் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பென்னி தரவேண்டும். அநேகம் பேர் அதைக்கூடத் தரமுடியாத ஏழைகள் என்று உடனே எதிர்ப்பு வந்தது. அப்போது அவர், அப்படியானால் ஆக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் தரமுடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கட்டுகிறேன் என்று சொன்னார். மற்றவர்களும் அதேபோல ஆளுக்குப் பதினொரு அயலவர்களைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்றும் கேட்டார்.

இப்படித்தான் மெதடிஸ்த இயக்கத்தின் முதுகெலும்பான வகுப்புக் கூட்டம் பிறந்தது. பன்னிரண்டு பேர், ஒரு தலைவர், கிழமைக்கு ஒரு தரம் வீடு தேடி வரும் ஒருவர், கையில் சில்லறை. இந்த அமைப்பை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். வெளித்தோற்றத்தில் அச்சு அசல் எங்களுடைய நுண்கடன் குழுவேதான். அங்கேயும் சின்னக் குழு, குழுத் தலைவி, கிழமைக் கூட்டம், வாசலுக்கு வரும் உத்தியோகத்தர். ஒருத்தி கட்ட முடியாமல் போனால் மற்றப் பெண்கள் அவள் வீட்டு முற்றத்தில் இருட்டும்வரை இருக்கவேண்டும். ஆளுக்காள் பிணை என்று இதற்குப் பெயர். அயலட்டைக்குள் இருந்த நம்பிக்கையையே ஈடாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரேயொரு இடத்தில்தான்: குறைகிற அந்த ஒரு பென்னியை யார் போடுவது? பிரிஸ்டலில் குழுவிலேயே வசதியானவர் போட்டார். இங்கே, குழுவிலேயே ஏழையானவள் இன்னொரு கம்பனியில் கடன் எடுத்துப் போடுகிறாள்.

பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நோயைக் கண்டார்கள், குடியைக் கண்டார்கள், புருஷன் பெண்சாதி சண்டையைக் கண்டார்கள். அதை வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். காசு வாங்கப் போன பயணம் சுகம் விசாரிக்கும் பயணமாக மாறியது. கட்டடக் கடன் அடைந்த பிறகும் கூட்டங்கள் நிற்கவில்லை.

லண்டனில் பழைய பீரங்கி வார்ப்புச் சாலை ஒன்றை வாங்கி அவர் தலைமையகமாக வைத்திருந்தார். அதன் அறை ஒன்றில் 1740 குளிர்காலத்தில் வேலையில்லாத ஏழைகள் பன்னிரண்டு பேரை இருத்தி, சொல்லிக்கொடுக்க ஒருவரையும் வைத்து, பஞ்சு அடித்து நூல் நூற்க வைத்தார். 1746 இல் மருந்து கொடுக்கும் இடம் ஒன்றைத் திறந்தார். கைம்பெண்களுக்கு இரண்டு சின்ன வீடுகளைக் குத்தகைக்கு எடுத்தார். தானும் தன்னோடிருந்த போதகர்களும் அதே மேசையில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். அந்த வருடமே தேநீர் குடிப்பதையும் விட்டார். அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது நோக்கம். முதல் மூன்று நாளும் தலையிடி தாங்கமுடியவில்லை என்று எழுதியிருக்கிறார். தேத்தண்ணி இல்லாத காலைகளை அறிந்தவர்கள் இதை நம்புவார்கள். பிற்காலத்தில் வைத்தியர் சொல்லித் திரும்பவும் குடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே 1746 ஜூலையில் தொடங்கியதுதான் கடன் நிதி. அடகுக் கடைக்கும் வட்டிக்காரரிடமும் போய்ச் சிக்கும் சின்னத் தொழிலாளர்களை வெஸ்லி கண்டிருந்தார். லண்டனின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போய், வசதியுள்ளவர்களிடம் கைநீட்டிக் காசு சேர்த்தார். சேர்ந்தது முப்பது பவுணா ஐம்பதா என்பதில் அவர் எழுதிய இரண்டு இடங்கள் ஒத்துப்போகவில்லை. நாட்குறிப்பு முப்பது என்கிறது. ஒரு ஆளுக்கு ஆகக்கூடியது இருபது சிலிங், அதாவது ஒரு பவுண். மூன்று மாதத்துக்குள் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டவேண்டும். வட்டி கிடையாது. பதினெட்டு மாதத்தில் 255 பேர் இந்த நிதியால் பயன்பெற்றதாக 1748 ஜனவரியில் எழுதினார். ஒரே முப்பது பவுண் சுழன்று சுழன்று வேலை செய்தது. அவருடைய தகப்பனைச் சிறைக்கு அனுப்பிய தொகையும் ஏறக்குறைய இதுதான்.

நிதி வளர்ந்தது, பிற்காலத்தில் ஐந்து பவுண் வரை கொடுத்தார்கள். 1770களின் நடுவில் அப்படி ஐந்து பவுண் வாங்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லக்கிங்டன் என்ற சப்பாத்துத் தைப்பவர். அதை வைத்துப் பழைய புத்தகக் கடையைப் பெருப்பித்தார். இருபது வருடத்துக்குள் லண்டனின் ஆகப் பெரிய புத்தகக் கடை அவருடையது. கடனில் தொடங்கிய அவர், தன் கடையில் எவருக்கும் கடன் கொடுப்பதில்லை, ரொக்கத்துக்கு மட்டும் குறைந்த விலை என்று வைத்துத்தான் பணக்காரரானார். 1791 இல் சுயசரிதை எழுதி, அதில் மெதடிஸ்தர்களைத் தாராளமாகக் கேலி செய்தார். பிறகு 1804 இல் இன்னொரு புத்தகம் எழுதி அதற்காக வருந்தினார். உதவி பெற்றவர் நன்றியோடு இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் தொண்டு நிறுவனங்கள் இந்தக் கதையை ஒருமுறை வாசிக்கலாம்.

ஏழைகள் சோம்பேறிகள், அதனால்தான் ஏழைகள் என்ற பேச்சு அன்றும் இருந்தது. 1753 பெப்ரவரியில் வெஸ்லி லண்டனின் நிலவறைகளிலும் கூரையடி அறைகளிலும் கிடந்த நோயாளிகளைப் பார்க்கப் போனார். எழுந்து ஊர்ந்து திரியக்கூடிய எவரும் அங்கே வேலையில்லாமல் இருக்கவில்லை. அந்தப் பேச்சு பிசாசுத்தனமான பொய் என்று அன்றைக்கே எழுதிவைத்தார். அவர் சாதாரணமாக நிதானமாக எழுதுபவர். இந்த இடத்தில் கோபம் தெரிகிறது.

இங்கே எனக்கு இன்னொரு பேச்சு ஞாபகம் வருகிறது. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் நடந்த சில ஜெபக் கூட்டங்களில், கடன் இருப்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்று பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறேன். இருப்பதைக் காணிக்கையாக விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்றும் சொன்னார்கள். நகையை அடகு வைத்துக் காணிக்கை போட்ட பெண்களும் உண்டு. இன்னொரு பக்கத்தில், நாளைக்காகக் கவலைப்படாதே என்று இயேசு சொன்ன மலைப்பிரசங்கப் பகுதியை எடுத்து, கடன்காரி ஒருத்தியின் கவலையையே பாவமாக்கிவிடும் போதகர்களும் இருக்கிறார்கள்.

வெஸ்லி அதே மலைப்பிரசங்கத்துக்கு 1748 இல் விளக்கம் எழுதினார். பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே என்ற கட்டளைக்குள் எவை அடங்காது என்று முதலில் பிரித்து வைத்தார். கொடுக்கவேண்டியவருக்குக் கொடுப்பதற்காகத் தேடுவது அடங்காது. வீட்டுக்குத் தேவையான உணவும் உடுப்பும் அடங்காது. பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் தேடி வைப்பது அடங்காது. தொழிலை நடத்தத் தேவையான முதல் அடங்காது. இத்தனைக்கும் மேலே, தெரிந்துகொண்டே குவிப்பதுதான் பாவம் என்றார். கட்டளையின் பாரத்தை ஏழையின் தலையிலிருந்து இறக்கி, களஞ்சியம் வைத்திருப்பவனின் தலையில் வைத்தார். சுசன்னாவின் மகன் வேறு விதமாக வாசித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பணத்தின் பயன்பாடு பற்றிய அவருடைய பிரசங்கம் 1760 இல் அச்சில் வந்தது. உழை, மிச்சம் பிடி, கொடு என்ற மூன்று விதிகளாக அதைச் சுருக்கிச் சொல்வார்கள். முதல் இரண்டு விதியை மட்டும் எடுத்து முதலாளித்துவத்தின் மந்திரமாக ஆக்கியவர்களும் உண்டு. ஆனால் முதல் விதிக்குள்ளேயே அவர் வேலி போட்டிருக்கிறார். உன் உடம்பைக் கெடுக்கும் உழைப்பு வேண்டாம். அயலவனின் காணியையும் வீட்டையும் விழுங்கும் உழைப்பு வேண்டாம். சூதாட்டம், ஊதிப்பெருத்த கணக்குச் சீட்டு, சட்டம் தடுத்த வட்டி எதுவும் வேண்டாம். அப்போதைய இங்கிலாந்துச் சட்டத்தில் வட்டியின் உச்சம் வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்து. அடகுக் கடைத் தொழிலே வேண்டாம் என்றார். அயலவனின் வியாபாரத்தைக் கெடுக்கச் சந்தை விலைக்குக் கீழே விற்பதும் வேண்டாம். 1774 இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் தனி நூலே எழுதினார்.

1773 தொடக்கத்தில் உணவுத் தட்டுப்பாடு பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். எனக்கு அவருடைய எழுத்தில் பிடித்தது இதுதான். ஏன் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள்? வேலை இல்லை. ஏன் வேலை இல்லை? வேலை கொடுத்தவர்களின் பொருளை வாங்க ஆளில்லை. ஏன்? காசெல்லாம் சாப்பாட்டுக்கே போகிறது. ஏன் பாண் விலை ஏறியது? தானியத்தில் பெரும்பகுதி சாராயம் வடிக்கப் போகிறது. ஏன் ஓட்ஸ் விலை ஏறியது? பணக்காரரின் வண்டிக் குதிரைகள் தின்கின்றன. ஏன் முட்டையும் கோழியும் பன்றி இறைச்சியும் விலை? சின்னப் பண்ணைகளைப் பெரிய பண்ணைகள் விழுங்கிவிட்டன. ஏன் வரி இவ்வளவு? அரசாங்கம் பட்ட கடனின் வட்டி. தேசியக் கடனைக் குறைக்கவேண்டும், சாராயம் வடிப்பதைத் தடுக்கவேண்டும், குதிரைக்கும் வண்டிக்கும் வரி போடவேண்டும் என்று பரிகாரமும் சொன்னார். கடைசியில் ஒரு போதகராகக் கடவுள் பயத்தில்தான் கொண்டுபோய் முடிக்கிறார். ஆனால் அதற்கு முன் ஒரு நல்ல நிருபரைப்போல ஒவ்வொரு விலைக்கும் பின்னால் போய் ஆளைப் பிடிக்கிறார். 2022 இல் எரிவாயு வரிசையில் நின்றவர்களிடம், இது எங்கள் தலைவிதி என்று யாரோ சொன்னபோது, இப்படியொரு கேள்வித்தாள்தான் தேவைப்பட்டது.

அவரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. இயக்கத்தைத் தனிக்கையில் பிடித்து ஆண்டவர் அவர். 1751 இல் வசதியான கைம்பெண் ஒருவரைக் கல்யாணம் முடித்தார். அவருடைய பத்தாயிரம் பவுண் சொத்தையும் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்குமே எழுதிவைத்து, தான் அதில் கைவைக்கவில்லை. காசில் நேர்மை. ஆனால் மனைவிக்கு அவர் நேரம் கொடுக்கவில்லை. அந்தக் கல்யாணம் பிரிவில் முடிந்தது. அரசருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். விலையேற்றத்தின் காரணங்களை அவ்வளவு தெளிவாகக் கண்டவர், அந்தக் காரணங்களுக்கு எதிராக ஏழைகள் தாங்களே எழும்புவதை ஏற்கவில்லை.

மலிவு விலைப் புத்தகங்கள் அவருக்கே தெரியாமல் அவரைப் பணக்காரராக்கின. வந்ததை வந்தபடி கொடுத்தார். 1776 இல் வரி அதிகாரிகள், இவ்வளவு பெரிய ஆளிடம் வெள்ளிப் பாத்திரங்கள் கட்டாயம் இருக்கும், ஏன் கணக்குக் காட்டவில்லை என்று கடிதம் அனுப்பினார்கள். லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு. சுற்றியுள்ளவர்களுக்குப் பாண் இல்லாத இந்த நேரத்தில் இதற்குமேல் வாங்கமாட்டேன் என்ற பொருளில் பதில் போட்டார்.

1785 ஜனவரியில் அவருக்கு எண்பத்தொரு வயது. ஏழைகளுக்குக் கரியும் பாணும் வழமைபோலக் கொடுத்தாயிற்று. உடுப்புக்குக் காசு இல்லை. லண்டன் தெருக்களில் உருகும் பனி கணுக்கால் மட்டும் நின்றது. அந்தச் சேற்றில் காலை முதல் மாலை வரை நடந்து, நான்கு நாளில் இருநூறு பவுண் சேர்த்தார். அதன் பிறகு கடுமையான வயிற்றோட்டத்தில் விழுந்தார்.

கடைசி வருடங்களில் அவரை உறுத்திய கவலை வேறு. ஒழுங்காக உழைத்து, குடியை விட்டு, மிச்சம் பிடித்த மெதடிஸ்தர்கள் பணக்காரராகிவிட்டார்கள். முதல் இரண்டு விதியையும் பிடித்துக்கொண்டவர்களில் மூன்றாவதைக் கைக்கொண்டவர்கள் மிகச் சிலரே என்று திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார். 1780களின் அந்தப் பிரசங்கங்களில் தோல்வியின் குரல் இருக்கிறது. தன் இயக்கமே தன் மருந்தால் புது நோய் கண்டுவிட்டது என்று அவர் உணர்ந்திருந்தார்.

1790 ஜூலையில் கணக்குப் புத்தகத்தை மூடினார். கை நடுங்கியது, எழுத்து வாசிக்க முடியாமல் போயிருந்தது. 1791 மார்ச் 2 ஆம் திகதி லண்டன் சிட்டி ரோட்டில், ஆலயத்தோடு சேர்ந்த வீட்டில் இறந்தார். கல்லறைக்குக் கொண்டுபோகப் பிரேத வண்டி வேண்டாம், குதிரை வண்டி வேண்டாம், ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்று மரண சாசனத்தில் எழுதியிருந்தார். சட்டைப் பையிலும் மேசை லாச்சியிலும் கிடக்கும் சில்லறையை நான்கு போதகர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். பெட்டியைத் தூக்க ஏழைகள் ஆறு பேரைப் பிடித்து, அவர்களுக்கு ஆறு பவுண் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஆளுக்கு இருபது சிலிங். கூட்டம் கூடிவிடும் என்று பயந்து, மார்ச் 9 ஆம் திகதி விடியமுன்னரே அவரை அடக்கம் செய்தார்கள்.